வாதத்தில் ஜெயித்தவரும் வாசலில் நிற்கும் கேள்வியும்

2020 மே மாதம் அட்லாண்டாவில் நடந்த அந்த நினைவுக் கூட்டத்தில் அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸே புகழ்ந்து பேசினார். மறைந்தவர், சென்னையில் 1946-இல் பிறந்த கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சக்கரியாஸ். கடவுள் இருந்தால் துன்பம் ஏன், எல்லா மதமும் ஒன்றுதானே என்று பல்கலைக்கழக மாணவர்கள் மடக்கினால், மேடையிலேயே பதில் சொல்லிப் பேர் வாங்கியவர். 1984-இல் அவர் தொடங்கிய அமைப்புக்கு ஜொகூர் கடற்பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரிலும் அலுவலகம் இருந்தது.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அந்த அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. மசாஜ் தொழில் செய்த பெண்கள் பலரிடம் அவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்றது அது. 2017-லேயே ஒரு கனடாப் பெண் புகார் சொல்லியிருந்தார். அவர் மீதும் அவர் கணவர் மீதும் சக்கரியாஸ் வழக்குப் போட, விவகாரம் வெளியே பேசக்கூடாது என்ற உடன்பாட்டோடு முடிந்தது. அமைப்பு தலைவரை நம்பியது, பெண்ணை நம்பவில்லை.

இளையோர் சபையை விட்டு விலகினால், பின்நவீனத்துவம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று திருச்சபைகளில் ஒரு புலம்பல் உண்டு. எல்லாவற்றையும் விளக்கும் பெருங்கதையாடல்கள் மீது நம்பிக்கை போய்விட்டதாகப் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-இல் எழுதியது உண்மைதான். ஆனால் ஜொகூரின் மாசாயிலோ ஸ்கூடாயிலோ இருக்கும் ஓர் இளைஞர் லியோதாரைப் படித்துவிட்டா ஆராதனைக்கு வருவதை நிறுத்துகிறார்? பதில் சொல்கிறவரை யார் கேள்வி கேட்பது என்பதுதான் அவருடைய சந்தேகம்.

இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார். அவை ஜெர்மன் மொழியில் ஹால்லே நகரில் அச்சாயின. வேதம் நல்லதாக இருக்கலாம், வேதக்காரர்களின் குடியும் நடத்தையும் அப்படி இல்லையே என்ற குத்தல் அவற்றில் உண்டு. முந்நூறு ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் கேட்டுவிட்டார்கள்!

ஆள் கெட்டால் வாதமும் கெட்டுப்போகுமா என்று கேட்கலாம். கணக்கு வாத்தியார் திருடினாலும் வாய்ப்பாடு பொய்யாகாது என்பது சரி. ஆனால் கிறிஸ்தவம் வாய்ப்பாடு அல்ல. மனிதரை மாற்றும் என்று சாட்சி சொல்லும் நம்பிக்கை, சாட்சியின் நடத்தையைப் பார்க்காதே என்று சொல்ல முடியாது.

மலேசியாவில் 2020 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த அரசமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. ஆக, கஷ்டமான கேள்வி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கேட்பது சொந்த மகனோ மகளோ.

அவர்களுக்கு இன்னொரு நாவன்மைக்காரரைத் தேடித் தருவது வீண் வேலை. போதகர் மேல் புகார் வந்தால் அதைப் போதகரே விசாரிக்கக் கூடாது. சபைக்கு வெளியே உள்ளவர்கள், அதிலும் பெண்கள், விசாரிக்க வேண்டும். காணிக்கைக் கணக்கை ஆண்டுதோறும் எல்லாருக்கும் காட்ட வேண்டும். இளையோர் கூட்டத்தில் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவும் போதகருக்கு அனுமதி வேண்டும். இதற்கெல்லாம் திருச்சபைப் பேரவையான சினோட்டின் தீர்மானம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டமே போதும்.