வேதாளம் தோளிலேயே இருக்கட்டும்

பேய்க்கதை சொன்னால் பிள்ளைகள் பயந்துக்கும் என்று தடுக்கும் தாய்மார்களே! ‘பயப்படாதே’ன்னு வாயை அடைச்சா பயம் எங்கே போகும்? உள்ளேதானே உட்காரும்? விக்கிரமாதித்தன் வேதாளத்தை வெட்டிப் போடவில்லை. தோளில் சுமந்தபடியே பதில் சொல்கிறான். கடைசியில் அதுதானே அவனைக் கபட சந்நியாசியிடமிருந்து காப்பாற்றுகிறது! மனோதத்துவ மேதை யுங்கின் நண்பர் ஹைன்ரிக் ஸிம்மர் இக்கதையை அலசி எழுதியது, அவர் மறைந்தபின் 1948-ல் புத்தகமாக வந்தது. நாம் ஒதுக்கித் தள்ளும் மனசின் மறுபாதியை ‘நிழல்’ என்றார் யுங். வேதாளம் அந்த நிழல்தான் என்று எனக்குப் படுகிறது. எங்க ஊர் பீங்கான் பொம்மையே சூளைச் சூடு பட்டாத்தான் தண்ணியில் கரையாம நிக்குது! தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வேதாளத்தின் கேள்விக்கு நீங்க பதில் சொல்லிடாதீங்க, பிள்ளையே யோசிக்கட்டும்.

– ஒரு வாசகி, விருத்தாசலம்.