குறுக்குவழியை அடைத்த பிறகே மருந்து

“கட்டி இருப்பது உறுதியாகிவிட்டது, பின்னர் மருந்து செலுத்த ஏன் தாமதம்?” கல்லீரல் புற்றுநோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்களது பதற்றம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும், நோயாளிகள் சிலருக்கு அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் உறுதியான கருத்து.

கல்லீரலுக்கு இருவழிகளில் இரத்தம் வருகிறது. குடல் பகுதியிலிருந்து வரும் போர்ட்டல் சிரை ஏறத்தாழ முக்கால் பங்கையும், கல்லீரல் தமனி எஞ்சிய கால் பங்கையும் கொண்டுவருகின்றன. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தைக் கொண்டே வளர்கிறது. எனவேதான் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனியின் வழியே மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குச் செல்லும் கிளையில் மருந்தைச் செலுத்தி, அக்கிளையை அடைக்கிறோம். இதற்கு ‘டேஸ்’ சிகிச்சை என்று பெயர்.

சிலருக்குக் கட்டியினால் தமனிக்கும் சிரைக்கும் இடையே இயல்புக்கு மாறான இணைப்பு உண்டாகிவிடுகிறது. புற்று போர்ட்டல் சிரைக்குள் பரவியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தமனியின் இரத்தம் மிகுந்த அழுத்தத்துடன் போர்ட்டல் சிரைக்குள் பாய்வதால் வயிற்றில் நீர் கோக்கலாம். உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி ஏற்படலாம். இணைப்பு கல்லீரல் சிரையுடன் இருப்பின், செலுத்தும் மருந்தும் நுண்துகள்களும் கட்டியில் தங்காமல், இதயத்தின் வழியே நுரையீரலைச் சென்றடையும். கட்டிக்கு உரிய மருந்து நல்ல உறுப்புகளைத் தாக்குமாயின், அவசரத்தினால் விளையும் பயன் என்ன?

இந்த இணைப்பைக் கண்டறிய மூன்று கட்ட சி.டி. ஸ்கேன் உதவுகிறது. கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில் ஓடும் முதற்கட்டத்திலேயே போர்ட்டல் சிரையும் ஒளிர்ந்தால், குறுக்குவழி ஒன்று இருப்பதாக ஐயுறுகிறோம். சுற்றியுள்ள பகுதி ஆப்பு வடிவில் ஒளிர்ந்து கட்டியின் எல்லையை மறைப்பதும் உண்டு. ஆஞ்சியோகிராம் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும்.

அதன்பின், இணைப்பின் அளவுக்கும் வேகத்துக்கும் ஏற்ப, உலோகச் சுருள், ஜெலட்டின் பஞ்சு, பெரிய துகள்கள் அல்லது ஆல்கஹால் கொண்டு முதலில் அதனை அடைக்கிறோம். சிலருக்கு அதே அமர்வில் டேஸ் தொடரும். சிலருக்குக் கல்லீரல் தேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடைப்பதனால் மட்டும் புற்று குணமாகாது. ஆனால் வயிற்றுநீரும் இரத்தக்கசிவு அபாயமும் குறைந்து, அடுத்த சிகிச்சையைத் தாங்கும் நிலை பலருக்கு வாய்க்கிறது. அடைக்க இயலாதவர்களுக்கு வேறு சிகிச்சை முறைகளைப் பரிசீலிக்கிறோம்.

ஆகவே, “எப்போது மருந்து?” என்று கேட்பதோடு, “இரத்தக்குழாய்களில் தவறான இணைப்பு உள்ளதா? அதை அடைக்க இயலுமா?” என்றும் கேளுங்கள். படத்தைக் காட்டி விளக்குவது எங்கள் கடமை. வேறு மருத்துவமனையின் கருத்தை நாடுவதாயின், அறிக்கையை மட்டுமன்றி, ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இணைப்பு புலப்படுவது படங்களில்தான்.

காத்திருக்கும் நாட்களில் இரத்த வாந்தி, தார்போன்ற கருமலம், மனக்குழப்பம், விரைவாகப் பெருக்கும் வயிறு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், குறித்த தேதிவரை பொறுத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மருந்துக்குப் பொறுமை காக்கலாம். இவ்வறிகுறிகளுக்குப் பொறுமை கூடாது.