சரியாயிடுச்சா ஸார்?

எலும்பு முறிந்தவனுக்கு முதல் மூன்று மாதம் ராஜ மரியாதை. ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் வரும். ஒன்றுவிட்ட சித்தப்பா வந்து, "ஆபரேஷன் எதுக்குடா? பேசாம புத்தூர் போய்க் கட்டுப் போட்டிருக்கலாமே!" என்பார், ஆபரேஷன் முடிந்த மறுநாள். ஆபீஸ் நண்பர்கள் கோஷ்டியாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று, மேனேஜரைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். கம்பைக் கீழே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தீர்களோ, தீர்ந்தது. கேஸ் க்ளோஸ்! அப்புறம் எத்தனை வருஷமானாலும் ஒரே கேள்விதான். "என்ன ஸார், கால் சரியாயிடுச்சா?"

என் கேஸ் சிம்பிள். 2017-ல் ஒரு காலை, சைக்கிளில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாக நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது. சைக்கிள் கதவோடு தங்கிவிட்டது. நான் மட்டும் கதவைத் தாண்டிப் போய் விழுந்தேன். தொடை எலும்பு வந்து உட்காருகிற மேடை, அதாவது கீழ்க்கால் எலும்பின் உச்சி, உடைந்துவிட்டது. டாக்டர்கள் இதற்கு 'டிபியல் ப்ளேட்டோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேக்க ஞானிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ப்ளேட்டோ என்றால் பீடபூமி. என் பீடபூமியில் இப்போது ஒரு ப்ளேட், ஆறு ஸ்க்ரூ.

எலும்பு நல்ல ஜாதி. சொன்ன தேதிக்குச் சேர்ந்துவிட்டது. தகராறு பண்ணுவது அதன் மேல் பூசியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது; ஒரு தடவை நசுங்கினால் பழையபடி வளராது. மேடு பள்ளமாகிவிட்ட மூட்டு வருஷக்கணக்கில் தேயும். அறுபதில் வரவேண்டிய மூட்டுவாதம் முப்பத்தைந்திலேயே வந்து, "உள்ளே வரலாமா?" என்கிறது.

முழங்காலுக்கு ஒரு கணக்கு உண்டு. நாற்காலியிலிருந்து எழ சுமார் 90 டிகிரி மடங்கினால் போதும். குந்தி உட்கார 130-க்கு மேல் வேண்டும். என் பிஸியோதெரபிஸ்ட் மூன்று மாதம் என்னை அழவைத்து வாங்கித் தந்தது 110. ஆக, ஆபீஸில் பாஸ். டேபிள் போட்ட பந்தியில் பாஸ். கிராமத்தில் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் காலை ஆறு மணிக்கு ஃபெயில்! நான் ஊருக்கு வருவதே இல்லை, பொண்டாட்டி விடுவதில்லை என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். நிஜக் காரணத்தை எப்படிச் சொல்வது? "முழங்கால் உங்களுக்கு, பழி எனக்கா?" என்கிறாள் மனைவி. நியாயமான கேள்வி.

மழை வருவதற்கு முன் வலிக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 1996-ல் ரெடல்மையர், ட்வெர்ஸ்கி என்ற இருவர் 18 மூட்டுவாதக்காரர்களை 15 மாதம் கவனித்துவிட்டு, சம்பந்தமே இல்லை, எல்லாம் மனசு போடுகிற முடிச்சு என்றார்கள். 2019-ல் பிரிட்டனில் 2,600 பேருக்கு மேல் தினம் தங்கள் வலியை செல்போனில் பதிவு செய்ததில், ஈரமும் காற்றும் அதிகமாகி காற்றழுத்தம் குறைந்த நாட்களில் கொஞ்சம் கூடுதலாகத்தான் வலிக்கிறது என்று தெரிந்தது. என் முழங்கால் இரண்டாவது கட்சி. நான் முழங்காலைப் பிடித்தால் மனைவி மொட்டை மாடிக்கு ஓடித் துணி எடுக்கிறாள்.

கஷ்டம் எது தெரியுமா? வலி வெளியே தெரியாததுதான். கம்பு இருந்தவரை பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கம்பு போனதும் இடமும் போச்சு. முதல் மாடியிலிருந்து கீழே இறங்க லிஃப்ட்டில் ஏறினால் ஆபீஸ் இளைஞன் ஒரு மாதிரி பார்க்கிறான். தம்பி, ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிர் போகும்!

ஆரம்பத்தில், "ஆச்சு, சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டு மூட்டை தூக்கச் சொன்னால் தூக்கவும் வேண்டியிருந்தது. நிஜத்தைச் சொன்னால் கேட்டவர் முகம் சுருங்கி, தன் மச்சானின் ஸ்லிப் டிஸ்க்கை ஆரம்பித்துவிடுகிறார். இப்போதெல்லாம் ஒரே பதில்: "பழகிடுச்சு ஸார்." பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை. உங்கள் பக்கத்து ஸீட்காரர் இப்படிச் சொன்னால், அன்றைக்கு டீயை அவர் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொரு உபகாரம். காரில் வலது பக்கக் கதவை இடது கையாலும், இடது பக்கக் கதவை வலது கையாலும் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வருகிறவன் கண்ணில் படுவான். டச்சுக்காரர்கள் பெயரில் வழங்கும் இந்த வித்தையை பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் 2022 ஜனவரியில் சேர்த்துக்கொண்டது. கால் டாக்ஸியில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பின்னால் வருகிறவன் நானாகக்கூட இருக்கலாம். முழங்காலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கும் தேகப்பயிற்சி, சைக்கிள்!