70 வளைவும் ஒரு ஃபியூஸும்

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன்தான் பேச்சு. இறங்கி வரும் பேருந்தோ பலாப்பழ வண்டியோ கண்ணில் படுமுன் காதில் பட வேண்டும். விடுமுறை நாட்களில் இந்தப் பேச்சின் நடுவே இன்னொரு சத்தமும் புகுந்துகொள்கிறது: டிக்கியில் சப் ஊஃபர் வைத்த கார்களின் ‘தம்... தம்...’. என்ன பாட்டு என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. பேஸ் மட்டும் காருக்கு முன்னால் வந்து நிற்கும்.

அப்படி வருவதற்குக் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர், காரைவிட நீளம். கதவுத் தகடும் கண்ணாடியும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. காருக்குள்ளோ நிலைமை இன்னும் மோசம். ஓங்கிய தாழ்சுருதி தனக்கு மேலுள்ள ஒலிகளைக் காதில் விழாமல் அமுக்கிவிடும். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஏறுகிறவரின் ஹாரன் இறங்குகிறவருக்குக் கேட்டால்தானே!

பாட்டு ரசனையைக் குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை. குறை, அதை மாட்டித் தரும் விதத்தில் இருக்கிறது. வாங்குபவர் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்ஸைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். அதில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கண நேர உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். வயர் என்ன வயர் என்று கேட்பவர் குறைவு. மிச்சம் பிடிக்க நினைக்கும் கடைக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

கணக்குப் போட்டால் விளங்கும். 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்ளிஃபயர், நூற்றுக்கு எண்பது திறனில் வேலை செய்தால்கூட, முழுச் சத்தத்தில் பேட்டரி பக்கமிருந்து சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு. இதைத் தாங்க நல்ல கனமான செம்பு வயர் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பதோ மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். பார்வைக்கு ஒரே தடிமன். கடத்தும் திறனில் குறைவு, சூட்டில் அதிகம்.

அந்த வயர் எஞ்சின் அறையிலிருந்து தகட்டுத் துளை வழியே டிக்கிக்குப் போகிறது. துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால், 70 வளைவின் குலுக்கலில் தகட்டு விளிம்பு வயரின் தோலை அறுத்து, ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். பேட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள், ஒரு ஃபியூஸ் இருந்தால் அது போவதோடு சங்கதி முடிந்தது. இல்லையென்றால் வயர் முழுவதும் பழுக்கக் காயும், அடுத்தது தீ. “ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்குண்ணே” என்பார்கள். அது ஆம்ப்ளிஃபயரைக் காக்கும். அதற்கு முன்னாலுள்ள நாலைந்து மீட்டர் வயரை யார் காப்பது?

ஓம் கணக்கிலும் இதே அலட்சியம்தான். காயில் ஒவ்வொன்றும் 4 ஓம் உள்ள இரட்டைக் காயில் சப் ஊஃபர் இரண்டை எல்லாமே பேரலலாக இணைத்தால் சுமை 1 ஓமுக்கு இறங்கும். 2 ஓம் வரை மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிஃபயர் கொதித்து, காப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். ஒவ்வொரு சப் ஊஃபரின் காயில்களையும் சீரிஸில் இணைத்து, பிறகு இரண்டையும் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம். சத்தம் சற்றுக் குறையும், கருவி பிழைக்கும்.

சீக்குப்பாறைக் காட்சிமுனையில் எஞ்சினை அணைத்துவிட்டு டிக்கியைத் திறந்து ஆடுவது தனிக்கதை. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். பாட்டு சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தாலே ஒரு மணி நேரத்தில் ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கும். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. (மலைச்சரிவு இருந்து என்ன புண்ணியம்!)

லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டம் இது; இந்த வயர் பாடத்தை அது வேறு வடிவில் படித்திருக்க வேண்டும். கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட். மியூசிக் செட்டுக்கு ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்தால், அந்தப் பேட்டரி பட்டினி கிடக்கும், மற்றதற்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும், கடைசியில் இரண்டும் கெடும். கன்வெர்ட்டர் போட்டால் தீரும் பிரச்சினை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடவும் முடியாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. ஆனால் அந்த அளவு மனிதச் செவியின் உணர்திறனை ஒட்டி எடைபோடப்படுவது. 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். மலைமேல் செம்மேட்டில் ஒரு வீட்டின் ஜன்னல் அதிரும்போதும் மீட்டர் அடக்கமான எண்ணையே காட்டக்கூடும்.

ஆகவே பிடிக்க வேண்டிய இடம் கடைதான். வயரின் கனம், செம்பா பூச்சா, பேட்டரி பக்க ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், மொத்தச் சுமை எத்தனை ஓம் என்ற நான்கையும் பில்லில் எழுதித் தரும்படி போக்குவரத்துத் துறை கட்டாயமாக்கலாம். கடைக்கு ஐந்து நிமிட வேலை. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: ஓட்டுநரின் கைக்கெட்டும் பேஸ் குமிழ். பல மோனோ ஆம்ப்ளிஃபயர்களின் பெட்டிக்குள்ளேயே அது வருகிறது. முன்னால் வரை தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டுமே என்று பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை மாட்டியிருந்தால், காரவள்ளியில் முதல் வளைவுக்கு முன்னால் ஒரு திருகு போதும். பாட்டு பாட்டுக்கு ஓடும், மேலிருந்து இறங்கும் பேருந்தின் ஹாரனும் கேட்கும்.