ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும் போட்டிப் பயணம்

அசாம் ஜாவா - தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் போட்டியில் பதக்கம் வென்ற செய்தி ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகிறது. கேடயத்தோடு தலைமையாசிரியர், பொறுப்பாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், நடுவில் நான்கு பிள்ளைகள் என்று படமும் வரும். அதே பிள்ளைகள் படிவம் 4இல் வணிகப் போட்டியிலோ நிதிப் போட்டியிலோ கணினி நிரல் எழுதும் போட்டியிலோ வென்றார்கள் என்ற செய்தி அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், அசாம் ஜாவா வட்டாரத் தோட்டங்களிலிருந்து இன்னும் அரிது.

பன்னிரண்டு வயதில் இருந்த திறமை பதினாறு வயதில் எங்கும் போய்விடாது. போய்விடுவது பிள்ளையைச் சுற்றி இருந்த ஆட்கள்தான். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு போட்டிச் சுற்றறிக்கை வந்தால் ஆசிரியர் அதைப் படிக்கிறார், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வேன் செலவுக்குக் கோயில் நிர்வாகத்தையோ உள்ளூர்ப் பிரமுகரையோ யாராவது போய்ப் பார்க்கிறார்கள். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறிப் போகிறார்கள். அங்கே சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஆசிரியர் முதல் வகுப்பில் நாலு பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். பின்வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாமல் போகும்.

வணிகம், நிதி, கணினி சார்ந்த போட்டிகளில் பெரும்பாலானவை இந்த வயதில்தான் தொடங்குகின்றன.

‘புரோகிராம் உசாகாவான் மூடா’ எனப்படும் இளம் தொழில்முனைவர் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். இதில் மாணவர்கள் ஒரு சிறு நிறுவனம் அமைக்கிறார்கள். பங்கு விற்று முதல் திரட்டி, ஒரு பொருளைச் செய்து விற்று, கணக்கு எழுதுகிறார்கள். கடைசியில் நிறுவனத்தைக் கலைத்து இலாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பாசார் மாலாமில் அம்மாவோடு நின்று முறுக்கும் வடையும் விற்ற பிள்ளைக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது பாதிதான். எண்ணெய் விலை ஏறினால் வடையின் அளவைக் குறைப்பதா, விலையைக் கூட்டுவதா என்று அந்தப் பிள்ளை ஏற்கெனவே யோசித்திருக்கும். அதை அட்டவணையாக எழுதி மேடையில் விளக்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

நிதிப் போட்டிகளும் அப்படித்தான். 2018இல் தொடங்கிய அனைத்துலகப் பொருளாதார ஒலிம்பியாட்டில் பொருளாதாரத் தேர்வோடு நிதி அறிவுச் சுற்றும், ஒரு நிறுவனத்தின் சிக்கலுக்குத் தீர்வு சொல்லும் சுற்றும் இருக்கின்றன. கேட்க எட்டாத உயரமாகத் தெரியலாம். ஆனால் வட்டி எப்படிக் குட்டி போடுகிறது என்ற கணக்கு தோட்ட வீடுகளுக்கு அந்நியமானதல்ல. ஆ லோங்கிடம் வாங்கிய கடன், தவணையில் எடுத்த மோட்டார் சைக்கிள், சேமநிதிப் பணத்தை இப்போதே எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு எல்லாம் அந்த வீடுகளில் நடப்பவைதான். பதினாறு வயதுப் பிள்ளை உண்மையான வட்டி விகிதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினால், பதக்கம் வராவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு இலாபமே.

கணினி என்றதும் ‘வீட்டில் மடிக்கணினி இல்லையே’ என்பதுதான் பெற்றோரின் முதல் பதில். அது நியாயமான குறைதான், ஆனால் முதல் தடை அதுவல்ல. 2004இல் லித்துவேனியாவில் தொடங்கி மலேசியா வரை வந்துவிட்ட ‘பெப்ராஸ்’ போட்டிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. புதிர்களைத் தர்க்கத்தால் அவிழ்த்தால் போதும். இந்தியாவில் கணினி ஒலிம்பியாட்டின் முதல் கட்டத் தேர்வு ஒன்றையே காகிதத்திலும் பென்சிலிலும்தான் எழுதுகிறார்கள். அடுத்த கட்டங்களுக்குக் கணினி கட்டாயம் வேண்டும். அதற்கு அரசின் ‘நாடி’ மையங்கள் உண்டு. பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படிவம் 1 முதல் 3 வரை மாணவர்கள் அடிப்படைக் கணினி அறிவியலையோ வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தையோ படிக்கிறார்கள். கணினிப் பாடம் நடத்தாத பள்ளிக்குப் போன பிள்ளை படிவம் 4 வரை கணினி அறிவியலைத் தனிப் பாடமாகப் படித்திருக்காது. அதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் ஆறு ஆண்டு படித்து, மலாயில் பாடம் கேட்டு, ஆங்கிலத்தில் போட்டியிட வேண்டும்.

இதில் பதக்கத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியு மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பங்கேற்கும் நிலை உயர உயர புறப்பாடப் புள்ளியும் உயரும். அசாம் ஜாவாவுக்கு ஒரு பக்கம் புஞ்சாக் ஆலாமில் யூஐடிஎம் வளாகம் இருக்கிறது. வணிக நிர்வாகப் புலமும் அங்கே உண்டு. ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே. மறுபக்கம், பழைய தோட்டத்து மக்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் யூனிசெல் இருக்கிறது. அது எல்லாருக்கும் திறந்ததுதான், ஆனால் தனியார் பல்கலைக்கழகம் போலக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு வளாகங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு, குறைந்த கட்டணத்தில் படிக்க யூபியு வழிதான் மிச்சம். அங்கே ஒரு புள்ளிகூட வீணாகக் கூடாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு அழைக்கும் போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில போட்டிகளில் ஒரே பிரிவில் பலருக்குத் தங்கம் கிடைக்கும். விமான டிக்கெட்டுக்காகச் சமூகத்திடம் நன்கொடை திரட்டுவதற்கு முன், அந்தப் போட்டியைக் கல்வி அமைச்சு அங்கீகரிக்கிறதா, புறப்பாடப் புள்ளியில் சேருமா என்று பள்ளியின் புறப்பாடத் துணைத்தலைமையாசிரியரிடம் கேட்பது நல்லது. ஒரு பிள்ளையின் விமானச் செலவில் ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஓராண்டு வாராந்திர வகுப்பு நடத்திவிடலாம்.

அந்த வகுப்பைத் தொடங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களின் தொலைபேசி எண்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் உண்டு. சனிக்கிழமை மதியம் வகுப்பறைகளும் காலியாக இருக்கும். இடைநிலைப்பள்ளிக்கு வரும் சுற்றறிக்கையைப் பார்த்துத் தமிழில் இரண்டு வரி எழுதி அந்த எண்களுக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். அங்கே பணிபுரியும் தமிழாசிரியரோ, பல்கலைக்கழகம் போய்விட்ட ஓர் அண்ணனோ அக்காவோ அதைச் செய்யலாம்.