கட்சி இல்லாத வாக்குச்சீட்டு

வாக்குச்சீட்டிலிருந்து கட்சியின் பெயரை அகற்றிவிட்டால் உள்ளாட்சித் தேர்தல் தூய்மை பெற்றுவிடும் என்று வாதிடுவோர் உளர். நாம் அதை ஏற்பதற்கில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் மாநகரை ஒட்டியுள்ள டியர்பார்ன் நகரமே அதற்குச் சான்று. ஃபோர்டு ஆலையில் உழைக்க வந்த அரபு மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழும் ஊர் அது. அங்கே மேயர் தேர்தலில் வேட்பாளர் பெயர் மட்டுமே அச்சிடப்படும், கட்சிக்கு இடமில்லை.

அத்தகைய தேர்தலில்தான், 1985-இல், மைக்கேல் குயிடோ என்பார் ‘அரபுப் பிரச்சினை’யைப் பற்றிப் பேசுவோம் என வாக்காளர்க்குத் துண்டறிக்கை அனுப்பினார். வென்றார், 2006-இல் இறக்கும்வரை மேயராகவும் வீற்றிருந்தார். கட்சி எழுந்துபோன நாற்காலியில் இனத்துவேஷம் வந்து அமர்ந்துகொண்டது!

அதே நகரம் 2021-இல் அப்துல்லாஹ் ஹம்மூதைத் தேர்ந்தெடுத்தது. முதல் முஸ்லிம் மேயர் என்று நம்மவர் பூரித்தனர். பூரிக்கட்டும். ஆயினும் பெயரைக் கண்டு வெறுப்பது அநீதியெனில், பெயரை மட்டுமே கண்டு போற்றுவது எங்ஙனம் நீதியாகும்? அவர் அப்போது ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். எதிர்த்து நின்ற கேரி வொரோன்சாக் குடியரசுக் கட்சியின் முன்னாள் உறுப்பினர். சீட்டில் இல்லாத கட்சியை ஊரே அறிந்திருந்தது. ஹம்மூத் வாக்குக் கேட்டதோ சொத்து வரியையும், அவ்வாண்டுக் கோடையில் வீடுகளின் நிலவறைகளில் புகுந்த வெள்ளத்தையும், தெருக்களில் தறிகெட்டோடும் கார்களையும் முன்வைத்து. வாழ்த்துமடல் வரைந்த நம்மவருள் அந்த வெள்ளத்தைக் குறிப்பிட்டோர் எத்தனை பேர்?