மரம் வெட்ட அனுமதி யாருக்கு?
கூடலூர் காடும் சர்வே கணக்கும்

நிலம் தன்னுடையது. அதில் நிற்கும் மரமும் தன்னுடையது. ஆனால் அதை வெட்ட அனுமதி இல்லை!

இது என்ன நியாயம் என்று தோன்றும். நீலகிரி மாவட்டம் கூடலூரைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எவ்வளவு நிலம்?

தனியார் காடுகளைப் பாதுகாக்க 1949-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. மலபாரில் 100 ஏக்கருக்கு மேல் தொடர்ச்சியாக உள்ள காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது என்றது. பிறகு தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் சட்டம் விரிந்தது. அங்கே அளவு 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர். அதற்கு மேற்பட்ட காட்டைக் கமிட்டி 'காடு' என்று அறிவிக்கலாம்.

நடுவே கொஞ்சம் மரத்தை வெட்டிப் பயிர் வைத்து விட்டால் காடு என்ற பெயர் போய் விடுமா? போகாது.

யாருடைய நிலம்?

கூடலூர் நிலங்கள் முன்பு நிலம்பூர் கோவிலகத்தாருடையவை. அவற்றைத் தோட்டக்காரர்களும் குடியானவர்களும் குத்தகைக்கு எடுத்தார்கள். 1969-ல் ஜென்மி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. காடுகளை எடுத்துக் கொள்வது செல்லாது என்று 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1974-ல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்துக்கு அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையில் பாதுகாப்பு அளித்தது. மறுபடியும் வழக்கு! அப்படிப்பட்ட சட்டங்களையும் கோர்ட்டு பரிசீலிக்கலாம் என்று 2007-ல் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

எது காடு?

கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு 1995-ல் வழக்குப் போட்டவர், அதே கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு. நிலம் யாருடையதானாலும் காடு காடுதான் என்று 1996 டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தேயிலை, காபித் தோட்டங்களில் நட்டு வளர்த்த நிழல் மரங்களுக்கு வேறு விதி; தானாக முளைத்த மரங்களுக்கு வேறு விதி.

2023-ல் மத்திய அரசு வனச் சட்டத்தைத் திருத்தியது. ஆனாலும் மாநிலங்கள் காடுகளின் கணக்கை எடுத்து முடிக்கும் வரை, 1996-ம் ஆண்டு விளக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

ஆகவே எல்லாம் கணக்கில் வந்து நிற்கிறது. எல்லைக்கல் சரியாக இருந்தால்தான் எது காடு, எது தோட்டம் என்று தெரியும். பட்டா சரியாக இருந்தால்தான் யார் மனுப் போடலாம் என்று தெரியும். கணக்கு குழம்பினால் நியாயமாக வாழும் குடியானவன் அலைகிறான். திருட்டுத்தனமாக மரம் வெட்டுகிறவன் லாபம் அடைகிறான்.

நிலத்தை ஒழுங்காக அளந்து எழுதி வைப்பதே குடும்பத்துக்கும் காவல், காட்டுக்கும் காவல்.